ஐந்தாவது மெட்டின் நடுவே நான் திறந்த கதவு

நான் வேலை பார்க்கும் இடத்தில் காலையில் வந்ததும் முதலில் செய்ய வேண்டியது ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்குவது. பதிவு நடக்கும்போது ஃப்ரிட்ஜ் உறுமினால் அந்தச் சத்தம் சுவரைத் தாண்டி மைக்கில் விழுந்துவிடுமாம். சாயங்காலம் மறுபடி சொருக மறந்தால் உள்ளே இருக்கிற பாலும் மீனும் கெட்டுப்போகும். அதற்கு இங்கே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பிளக்கைப் பிடுங்கும் ஆள் தன் வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது. சாவியை எடுக்கத் திறந்தால் பிளக் ஞாபகம் வந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி அம்மா ஹெலெனா இதைச் சைகையில் சொல்லிக்கொடுத்தபோது, என் சாவியைப் பறித்துக்கொள்கிறார் என்று பயந்து கையை இறுக்கி மூடிக்கொண்டேன்.

லிஸ்பன் நகரத்தில் ஆற்றோரம் பழைய ஒயின் கிடங்குகள் உண்டு. அதில் ஒன்றைத்தான் ஹெலெனா பதிவு ஸ்டுடியோவாக மாற்றியிருக்கிறார். கூட்டுவது, துடைப்பது, வயர்களைச் சுருட்டுவது, காப்பி போடுவது, பதிவு நேரத்தில் தெருவிலிருந்து யாரும் உள்ளே வந்துவிடாமல் நடையில் நிற்பது ஆகியவை என் வேலை. தெருவுக்கு ஒரு கதவு, ஸ்டுடியோவுக்கு ஒரு கதவு, இரண்டுக்கும் நடுவில் ஆறடி நீளத்தில் ஒரு நடை. சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் இரண்டு கதவையும் தொடக் கூடாது. தெருக்கதவின் தாழ்ப்பாள் துப்பாக்கி மாதிரிச் சத்தம் போடும். அதனால் பதிவு தொடங்கும்போது நான் எங்கே நிற்கிறேனோ, முடிகிறவரை அங்கேயேதான். சின்ன வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிறவன் நான். சத்தம் போடாமல் இருப்பதற்குச் சம்பளம் தருகிற வேலை கிடைத்தது எனக்கு ஒத்துப்போயிற்று என்றுதான் முதலில் நினைத்தேன்.

என் ஊர் இராஜபாளையம். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, பதினான்கு வருஷம் பேண்டேஜ் துணி நெய்யும் தறி செட்டில் இருந்தேன். பிறகு துபாயில் ஆறு வருஷம். அங்கிருந்து இங்கே வந்து மூன்று வருஷம் ஆகிறது. இந்த நாட்டில் தங்குவதற்கான அட்டைக்கு எழுதிக்கொடுத்து, விரல் ரேகையும் வைத்து, ஒன்றரை வருஷமாகக் காத்திருக்கிறேன். இங்கே இருக்கிற நம் ஆட்கள் பாதிப் பேருக்கு இதே கதைதான். அட்டை வராமல் ஊருக்குப் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் திரும்பி உள்ளே வர முடியாது. என்னோடு அறையில் தங்கியிருக்கும் மம்சாபுரத்து முருகேசன், ஹோட்டல் சமையலறையில் வேலை பார்ப்பவர், இதை எலிப்பொறிக்கு நேர்மாறு என்பார். "எலி உள்ள வந்தா மாட்டிக்கிரும். நாம வெளிய போனா மாட்டிக்கிருவோம் பாய்."

என் மனைவி நூர்ஜகானுக்குக் கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது. எடுத்துவிட வேண்டும் என்று இராஜபாளையத்து டாக்டரம்மா சொல்லி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. மூன்று முறை தேதி குறித்து, மூன்று முறையும் அவளே தள்ளிப்போட்டாள். நான் வந்தால்தான் செய்துகொள்வாளாம். இங்கே மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே மாலை விளக்கு வைத்திருப்பார்கள். அப்போதுதான் பேசுவோம்.

"டாக்டரம்மா திட்டிட்டாக. ரத்தம் எட்டுலதான் நிக்குதாம்," என்றாள் ஒருநாள்.

"எட்டுன்னா கொறைவுல்ல?"

"கொறைவுதான். படியேறுனா மூச்சு வாங்குது. மாவு ஆட்டக்கூட பக்கத்து வீட்டுப் புள்ளையக் கூப்புடுதேன்."

"அப்பப் பண்ணிர வேண்டியதுதான? அக்காவ வரச் சொல்லுறேன், கூட இருப்பா."

"நீங்க எப்ப வாரீக?"

"அட்டை வந்ததும்."

"அப்ப நானும் அட்டை வந்ததும் பண்ணிக்கிறேன். ரெண்டு பேரும் ஒண்ணா காத்துக் கெடப்போம்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். உண்மையைச் சொன்னால், அவள் எனக்காகத் தள்ளிப்போடுவதில் எனக்குள் ஒரு சின்ன சந்தோஷமும் இருந்தது. ஒன்பது வருஷமாக ஃபோனில் மட்டும் புருஷனாக இருக்கிற ஒருவனுக்கு, நீ இல்லாமல் முடியாது என்று ஒரு காரியம் ஊரில் இன்னும் மிச்சமிருந்தது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

அந்த வசந்த காலத்தில்தான் துவார்த் வந்தார். அறுபதை ஒட்டிய வயது, ஒல்லியான ஆள், கிட்டார் வாசிப்பவர். கூட பியானோவுக்கு ஒருவர், டிரம்ஸுக்கு ஒருவர், ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய வயலின் போன்ற ஒன்றுக்கு ஒருவர். அதற்கு இங்கே கோன்ட்ரபாஷு என்று பெயர். ஆக நான்கு பேர். ஜாஸ் இசையில் எட்டு மெட்டுகளை நான்கு நாளில் பதிவு செய்து இசைத்தட்டு போடப்போகிறார்கள். எட்டில் ஏழு துவார்த்தே போட்டவை. ஒன்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்த பழைய மெட்டு. ஒன்றிலும் பாட்டு வரிகள் கிடையாது. எல்லோருக்கும் தெரிந்ததை வாசித்தால்தானே ஜனங்கள் வாங்குவார்கள் என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

நால்வரும் ஒரே நேரத்தில் வாசிப்பார்கள், ஆனால் ஒரே அறையில் இல்லை. ஆளுக்கொரு கண்ணாடிக் கூண்டு. காதில் மாட்டியதை வைத்துத்தான் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். நம் ஊர் கல்யாண வீட்டில் ஒலிபெருக்கி தெருமுனைவரை அலறும், அதற்கு அடியிலேயே பந்தி நடக்கும், குழந்தை தூங்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அக்கா ஆமினாவின் வீடு தேர் போகும் வீதிக்குப் பக்கத்துச் சந்தில். தேரன்று கொட்டுச் சத்தத்தில் எதிரில் இருப்பவர் பேசுவது கேட்காது, இருந்தாலும் எல்லோரும் பேசிக்கொண்டேதான் இருப்பார்கள். சத்தத்துக்காக மற்றவர்கள் மூச்சை அடக்க வேண்டும் என்பதை நான் இங்கே வந்துதான் பார்த்தேன்.

முதல் இரண்டு நாளில் கொஞ்சம் பிடிபட்டது. ஆளுக்கொரு தாள் இருக்கும். அதில் எழுதியதை முதலில் எல்லோரும் சேர்ந்து வாசிப்பார்கள். பிறகு தாளை விட்டுவிட்டு ஒவ்வொருவராகத் தன் போக்கில் போவார்கள். வழிதவறிவிட்டார்கள் என்று நான் நினைக்கும் நேரத்தில் நால்வரும் ஒன்றுபோலத் திரும்பி வந்து முதல் அடியில் நிற்பார்கள். டிரம்ஸ்காரர் கம்பிக் குச்சங்களால் முற்றம் கூட்டுவது போல மெதுவாகத் தேய்ப்பார். துவார்த்தின் கிட்டார் அதிகம் பேசாது. ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, அது சரிதானா என்று யோசிப்பது போல நிற்கும். எனக்கு அது பிடித்திருந்தது. நானும் அப்படிப் பேசுகிறவன்தான்.

மூன்றாம் நாள் காலையில் ஐந்தாவது மெட்டு. பத்துப் பன்னிரண்டு முறை எடுத்தும் ஏதோ சரியில்லை. ஒவ்வொரு முறையும் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஒருவர்பின் ஒருவராக நிறுத்திவிடுவார்கள், ஹெலெனா "ஓத்ரா வேஷ்" என்பார். இன்னொரு தடவை என்று அர்த்தம். அந்த மெட்டைத் தொடக்கத்தில் கொஞ்சம் கேட்டிருந்தேனே தவிர, முழுதாகக் கேட்டதில்லை. அன்று நடையில் நின்றிருந்தேன். விளக்கு எரிந்தது, வாசிப்பு தொடங்கியது. அது வேகமான மெட்டு. நான்கு வாத்தியமும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு போயின. கோன்ட்ரபாஷுவின் அதிர்வு தரை வழியாக என் கால் பெருவிரலுக்கு வந்தது. கண்ணை மூடியிருந்தேன். திடீரென்று எல்லாம் நின்றது. ஒன்றன்பின் ஒன்றாக இல்லை, நான்கும் ஒரே அடியில், வெட்டினாற்போல. கண்ணைத் திறந்தேன். மேலே விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

இதை நம் ஊர்த் தறிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தறி செட்டில் இருபது தறி ஓடும்போது காது என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். கரண்ட் போனால் எல்லாத் தறியும் நிற்கும், விளக்கும் அணையும். அப்போது யாரும் பயப்பட மாட்டோம், வெளியே போய் டீ குடிப்போம். ஆனால் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே எல்லாத் தறியும் ஒரே நேரத்தில் நின்றால், யாரோ தறிகளின் மெயின் சுவிட்சை அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். யாருடைய கையோ, துணியோ மிஷினில் மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். அந்த நொடியில் யோசிக்காமல் ஓட வேண்டும். பதினான்கு வருஷத்தில் நான்கு முறை அப்படி ஓடியிருக்கிறேன். மூன்றாவது முறை ஓடிப் பார்த்தபோது மாட்டியிருந்தது நூர்ஜகான். தறிக்கு நூல்தார் சுற்றும் மிஷினின் தண்டில் அவள் முந்தானை இழுபட்டு, கழுத்துவரை சுருண்டிருந்தது. பல்லால் கடித்துத்தான் துணியைக் கிழித்தேன். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்.

லிஸ்பனில் அந்த நடையில் நின்றுகொண்டு இதையெல்லாம் நான் நினைக்கவில்லை. கால்தான் நினைத்தது. கதவைத் தள்ளித் திறந்துகொண்டு, "ஏய், என்னாச்சு!" என்று கத்தியபடி உள்ளே ஓடினேன். கண்ணாடிக் கூண்டுகளில் நான்கு பேரும் அடுத்த அடிக்காகக் கையைத் தூக்கியபடி நின்றிருந்தார்கள். அந்த நிறுத்தம் தாளில் எழுதியது. எட்டு அடி எண்ணிவிட்டு மறுபடி ஒன்றாகப் பாய வேண்டும். அன்று காலை முழுவதும் சரியாக வராதது அந்த முறைதான் சரியாக வந்துகொண்டிருந்ததாம். அதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஹெலெனா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேஜைமேல் மெதுவாக வைத்தார். நான் இன்னும் அவரிடம்தான் வேலை பார்க்கிறேன் என்று அட்டை அலுவலகத்துக்கு அவர் ஒரு கடிதம் தர வேண்டியிருந்தது. இந்தப் பதிவு முடிந்ததும் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். எனக்கு அந்தக் கடிதம்தான் கண்முன்னால் வந்தது.

துவார்த் கூண்டிலிருந்து வெளியே வந்து ஏன் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த நாலு போர்த்துகீசிய வார்த்தைகளைத் தேடினேன். மிஷின், நின்றது, கை என்று மூன்று கிடைத்தன. மூன்றையும் சொல்லி, விரல்களை மடக்கி, வலியில் துடிப்பது போல என் இடது கையைக் காட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. தன் இடது கையைச் சட்டென்று பைக்குள் விட்டுக்கொண்டார். என் தோளைப் பிடித்துச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். எது என்று எனக்குப் புரியவில்லை. அவர் என் ஃபோனை வாங்கி, மொழி மாற்றித் தருவதில் பேசினார். தமிழில் வந்ததை நான் வாசித்தேன். பிறகு கையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைப் பக்கமாக வளைந்து நின்றன. நிமிர்த்தப் பார்த்தார், நிமிரவில்லை.

அவர் சொன்னதன் சாரம் இது. உள்ளங்கைத் தோலுக்குக் கீழே தடித்து, விரல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே வரும் வியாதி. ஆரம்பத்திலேயே அறுத்து எடுத்தால் விரல் நிமிரும். முதல் வருஷம் கச்சேரிகள் இருந்தன, தள்ளிப்போட்டார். அடுத்த வருஷம் மகளுக்குக் குழந்தை பிறந்தது, தள்ளிப்போட்டார். பிறகு இந்த இசைத்தட்டை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்றார். போன மாதம் டாக்டரிடம் போனபோது, இப்போது அறுத்தாலும் முழுதாக நிமிராது, முன்பே வந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். பழைய மெட்டுகளை இந்தக் கையால் வாசிக்க முடியவில்லை. மிச்சமிருக்கிற விரல்கள் எட்டுகிற தூரத்துக்குள் புதிதாக ஏழு மெட்டுப் போட்டார். அதோடு ஒரே ஒரு பழையது, இந்த ஐந்தாவது, அதையும் வாசித்துவிட முடிகிறதா என்று பார்ப்பதற்கு. கூட வாசிக்கும் மூவருக்கும் இது தெரியாது. நான் பார்த்துவிட்டேன் என்று நினைத்துத்தான் பயந்துபோனார்.

கடைசியாக அவர் சொன்னதை ஃபோன் இப்படி மாற்றித் தந்தது: "ஒவ்வொரு முறையும் நல்ல காரணம் இருந்தது."

அன்று அந்த மெட்டை அவரால் மறுபடி வாசிக்க முடியவில்லை. விரல் பிடித்துக்கொண்டது என்று சொல்லாமல், மனம் ஒப்பவில்லை என்று சொல்லிவிட்டார். மற்ற ஏழையும் முடித்தார்கள். ஐந்தாவதற்கு மட்டும் மூன்று வாரம் கழித்து ஒருநாள் வருவதாக ஏற்பாடு. அறைக்குப் போனதும் முருகேசனிடம் சொன்னேன். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவர் கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "ஊர்ல தறி நின்னா ஓடுனீக, சரி. இங்க பாட்டு நின்னதுக்கு ஓடியிருக்கீக! எம்புட்டுத் தூரம் வந்தாலும் ஒங்களுக்கு மெயினு மேலதான் கண்ணு பாய்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கடிதாசி குடுத்துரும் அந்தம்மா. மூஞ்சியத் தூக்காதீக," என்றார்.

எனக்குக் கடிதம்கூட இரண்டாவதாகிவிட்டிருந்தது. மறுநாள் மதியம் நூர்ஜகானைக் கூப்பிட்டேன்.

"நாளைக்கே போயி தேதி வாங்கு. ரத்தம் ஏத்தணும்னா ஏத்திக்க. அக்கா வந்து கூட இருப்பா. மச்சான் கையெழுத்துப் போடுவாக."

"என்ன திடீர்னு?"

"எனக்காகக் காத்திருக்க வேணாம்."

 

"அப்ப நீங்க வரமாட்டீக. அதானே?"

"வருவேன். அட்டை வந்ததும் வருவேன்."

"அன்னைக்குத் தறி செட்டுல அட்டை வந்ததும் வாரேன்னு சொல்லியிருந்தீகன்னா நான் இன்னைக்கு ஒங்ககூடப் பேசிக்கிட்டு இருக்க மாட்டேன்." அவள் கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சரிதானா என்று கேட்பது போலச் சொன்னாள். "கத்தி வைக்கிறதுக்கு நான் பயப்படல. மயக்கம் போடுறாகல்ல, அதுல கெடக்கும்போது வெளிய ஒரு ஆளு நிக்கணும். மைனி நிப்பாக, தெரியும். நான் சொல்லுறது வேற."

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டுத்தான சொல்லுறீக?"

"தெரிஞ்சுக்கிட்டுத்தான் சொல்லுறேன், நூரு."

"சரி, பண்ணிக்கிறேன்," என்று ஃபோனை வைத்துவிட்டாள். ஒன்பது வருஷத்தில் அவள் முதலில் வைத்தது அன்றைக்குத்தான். இனிமேல் என்னால்தான் ஆக வேண்டும் என்று ஊரில் ஒரு காரியமும் கிடையாது. அதை நானே சொல்லி முடித்துவைத்தேன்.

ரத்தம் ஏற்றி, உடம்பு தேறட்டும் என்று பார்த்து, டாக்டரம்மா கொடுத்த தேதி துவார்த் திரும்பி வருகிற அதே நாளாக அமைந்தது. ஹெலெனாவிடம் விடுப்புக் கேட்டிருக்கலாம். கேட்டு, அறையில் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்த்திருக்கலாம், அவ்வளவுதான். வேலைக்கே போனேன். பஸ்ஸில் போகும்போது அக்காவிடமிருந்து செய்தி வந்தது. உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஸ்டுடியோவைக் கூட்டி முடித்தபோது அடுத்தது வந்தது. எடுத்துவிட்டார்கள், கட்டி பெரிதாக இருந்ததாம், பயப்பட ஒன்றுமில்லை, இன்னும் வார்டுக்குக் கொண்டுவரவில்லை.

துவார்த் இடது கையை வெந்நீரில் வைத்திருந்துவிட்டு வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்து, எட்டு என்று விரலில் காட்டினார். நிறுத்தம் எட்டு அடி, ஓடி வந்துவிடாதே என்று சொல்கிறார். எட்டைக் காட்ட அவருக்கு வலது கை முழுவதும் இடது கையில் மூன்று விரலும் போதுமானதாக இருந்தது. ஹெலெனாவிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். இரண்டு தடவைதான் முடியும், மூன்றாவது கிடையாது என்று சொன்னதாக ஹெலெனா எனக்கு விரலால் விளக்கினார். அவருக்கும் அதற்குள் அந்தக் கையைப் பற்றித் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

முதல் தடவை டிரம்ஸ்காரரின் குச்சி நழுவிவிட்டது. இரண்டாவது தொடங்கியது. நான் நடையில் நின்றேன். பையில் ஃபோன் அதிர்ந்தது. அக்கா. ஒரு காதில் மட்டும் இயர்ஃபோனை மாட்டி, எடுத்தேன். பேச முடியாது, கேட்கலாம்.

"தம்பி, வார்டுக்குக் கொண்டாந்துட்டாக. கண்ணு முழிச்சிட்டா. ஆனா இன்னும் மயக்கந்தான், என்னமோ ஒளறுதா. இந்தா, ஒரு வார்த்தை பேசு."

அக்கா ஃபோனை நூர்ஜகானின் காதோரம் வைத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரி ஃபேனின் சத்தமும், தட்டு ஒன்று விழும் சத்தமும், யாரோ ஒரு குழந்தை அழுவதும் என் வலது காதில் கேட்டன. இடது காதில் கதவுக்கு அப்பாலிருந்து நான்கு வாத்தியமும் ஓடிக்கொண்டிருந்தன. நூர்ஜகானின் மூச்சு கேட்டது.

"என்னங்க."

நான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் உள்ளே நான்கும் ஒரே அடியில் நின்றன. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். சுவரில் கையை ஊன்றிக் காலை அழுத்திக்கொண்டேன்.

"வந்துட்டீகளா? வெளியதான நிக்கிறீக?" என்றாள். நாக்குக் குழறியது.

ஐந்து. ஆறு.

நான் பதில் சொல்லாதது அவளுக்குப் பதிலாகிவிட்டது. பக்கத்தில் இருந்த அக்காவிடம் அவள் சொல்வது கேட்டது, நல்ல தெளிவாக, கொஞ்சம் அதிகாரமாகக்கூட. "மைனி, அவிய வெளிய நிக்காக. பொறவு என்ன, உள்ள வரச் சொல்லுங்க."

எட்டு. நான்கு பேரும் ஒன்றாகப் பாய்ந்தார்கள். நான் கதவுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தேன்.